இது அதுதானா? வாசகர் கேள்வி பதில்

கொருக்குப்பேட்டை வாசகி: வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை. ரயில்வே லைன் ஓரமாகக் கீழாநெல்லி நிறைய முளைத்திருக்கிறது. பறித்து வந்து பார்த்தால் சிலதில் தண்டு பச்சை, சிலதில் சிவப்பு. ரெண்டிலும் காய் கீழேதான் இருக்கிறது. எதை அரைத்துக் கொடுப்பது?

பதில்: அம்மா, செடி அப்புறம். முதலில் அவரை ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள். கண் மஞ்சளாவது ஓர் அறிகுறி மட்டும்தான். அதற்குப் பின்னால் வைரஸ் இருக்கலாம், பித்தக்குழாயை அடைத்த கல் இருக்கலாம், மழைத் தண்ணீரில் நடந்து வந்த எலிக்காய்ச்சல்கூட இருக்கலாம். கல் அடைத்திருப்பவருக்குக் கீழாநெல்லி கொடுத்துக்கொண்டே பத்து நாளைக் கடத்தினால் பிறகு ஓடுவதற்கு நேரம் இருக்காது.

சரி, செடிக்கு வருவோம். காய் கீழே தொங்கினாலே கீழாநெல்லி என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள், கடைக்காரர்கள் உட்பட. ஆனால் அந்தக் குடும்பத்தில் அப்படித் தொங்குகிற செடிகள் நாலைந்து இருக்கின்றன. மருந்துக்குப் பெயர் போனது தாவரவியலில் பில்லாந்தஸ் அமரஸ் என்கிற செடி. தண்டு பச்சை, இலை சின்னதாக நுனி மழுங்கி இருக்கும், காய் ஒரு சின்னக் காம்பில் தொங்கும், விரலால் உருட்டினால் வழுவழுவென்று இருக்கும். உங்களிடம் இருக்கிற சிவப்புத் தண்டுக்காரி பெரும்பாலும் பில்லாந்தஸ் யூரினேரியா. அதில் காய்க்குக் காம்பே இருக்காது, கிளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மேல்தோல் சொரசொரப்பு. நல்ல வெயிலில் காயைப் பிடித்துப் பார்த்தால் கண்ணாலேயே தெரிந்துவிடும், லென்ஸ் வேண்டாம்.

லென்ஸ் வேண்டியது மூன்றாவது ஆளுக்கு. பில்லாந்தஸ் ஃப்ராட்டர்னஸ் என்று ஒன்று, அமரஸின் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும், பச்சைத் தண்டு, வழுவழு காய், எல்லாம் அப்படியே. காய்க்கு மேலே தொப்பியாக ஒட்டியிருக்கும் புல்லிகளை, அதாவது பூவின் அடியில் இருந்த சின்னப் பச்சை இதழ்களை எண்ண வேண்டும். அமரஸில் ஐந்து, ஃப்ராட்டர்னஸில் ஆறு. நாணயக் கடையில் விற்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். மேலாநெல்லியைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: அதன் இலை ஆப்பு வடிவில், அடி குறுகி நுனி அகலமாக இருக்கும், நெல்லி இலை போல இரண்டு வரிசையாகத் தட்டையாக அடுக்கி நிற்காது. பார்த்தவுடன் பிரித்துவிடலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், கீழாநெல்லியைப் பற்றி வெளிவந்த பெரிய ஆராய்ச்சி எல்லாம் அமரஸ் மேல் நடந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய பாரூக் ப்ளம்பெர்க், நம் சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளோடு சேர்ந்து செய்த ஆய்வு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு அமரஸ் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வெளிநாடுகளில் வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஏன் என்று பேசியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, எல்லோரும் ஒரே செடியைத்தான் எடுத்தார்களா, அது ஒரே மண்ணில் ஒரே பருவத்தில் பறித்ததா என்பது. அது நியாயமான சந்தேகம். தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கி மரபணு வரை சோதித்த ஓர் ஆய்வு 2010-ல் வந்தது. ஏறத்தாழ முக்கால்வாசிதான் அமரஸ், மிச்சமெல்லாம் உறவுக்காரச் செடிகள். ஆக, ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பொட்டலம் வாங்கினாலும் காய் ஒட்டியிருக்கிற முழுச் செடியாகப் பார்த்து வாங்குங்கள். பொடியாக வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியாது.

ரயில்வே லைன் ஓரச் செடி மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே களைக்கொல்லி தெளிப்பார்கள். அசல் அமரஸாகவே இருந்தாலும் அதை வயிற்றுக்குள் விடக் கூடாது.

திருவொற்றியூர் வாசகர்: எங்கள் பக்கத்துப் பூங்காவில் தரை தெரியாமல் மஞ்சள் கரிசலாங்கண்ணி படர்ந்திருக்கிறது. தாத்தா வள்ளலார் வழி. தினமும் காலையில் வாக்கிங் போகும்போது நாலு இலை கிள்ளி மெல்கிறார். நல்லதுதானே?

பதில்: தம்பி, தாத்தாவை முதலில் நிறுத்துங்கள். கரிசலாங்கண்ணியைக் கொண்டாடிய வள்ளலார் உங்கள் ஊருக்குப் பக்கத்திலே ஏழுகிணறில் குடியிருந்தவர், திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே வந்து போனவர். அவர் காலத்தில் அந்தப் பூங்காச் செடி இந்த ஊரிலேயே இருந்திருக்காது.

அது வெடேலியா. தாவரவியலில் இப்போது ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா என்கிறார்கள், சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது, வெட்டினால் வெட்டின துண்டு வேர்விடும், வருஷம் பூரா பூக்கும். அதனால்தான் சாலை நடுத்திட்டிலும் பூங்காவிலும் நட்டு வைத்திருக்கிறார்கள். நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதே பேரினம்தான், ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. பூவை மட்டும் பார்த்தால் ஏமாறத்தான் செய்வோம், ரெண்டும் மஞ்சள், ரெண்டும் சூரியகாந்திக் குடும்பத்துச் சின்னப் பூ.

இலையைத் திருப்பிப் பாருங்கள். பூங்காச் செடியின் இலை தடித்து, பளபளவென்று, நடுவில் பெரிதாக ஒரு மடலும் இரண்டு பக்கத்திலும் துருத்திய மடலும் இருக்கும். எல்லா இலையிலும் இராது, ஆனால் ஒரே கொடியில் பத்து இலை பார்த்தால் ஆறேழாவது அப்படி இருக்கும். அசல் கரிசாலையின் இலை குறுகி நீண்டது, சொரசொரப்பு, ஓரத்தில் லேசாகப் பல் இருக்கலாமே தவிர மடல் கிடையாது. பூவும் அதில் இவ்வளவு கூட்டமாக இருக்காது. சந்தையில் மஞ்சள் கரிசாலை என்று கட்டு கட்டாக வருவதிலும் இந்த வெடேலியா கலக்கிறது, கவனம்.

வெள்ளைக் கரிசலாங்கண்ணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் அதிலும் ஒரு குழப்பம் உண்டு. வெட்டுக்காயப் பூண்டு என்று நாம் சொல்கிற, சிலர் தாத்தாப்பூ என்கிற செடியைக் கொண்டுவந்து தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறார்கள். அதன் பூ ஒரு சாண் நீளக் காம்பின் உச்சியில் தனியாக ஆடும், நடு மஞ்சள், சுற்றி நாலைந்து வெளிறிய இதழ், ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூன்று பல். விதை முற்றினால் பறக்கும். கரிசாலைப் பூவோ சின்னக் காம்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வெள்ளையாக இருக்கும், விதை பறக்காது. சந்தேகமிருந்தால் தண்டைக் கசக்கி உள்ளங்கையில் தேய்த்துவிட்டு ஒரு டீ குடித்து முடிக்கும்வரை பொறுங்கள். சாறு கறுத்துவிட்டால் கரிசாலை.

மாதவரம் வாசகி: மழைக்கு அப்புறம் பக்கத்துக் காலி மனையில் மூக்கிரட்டை நிறைய வந்திருக்கிறது. மாமியார் அதைச் சாரணை என்கிறார். எதிர்வீட்டு அக்கா பருப்புக்கீரை என்கிறார். மூன்று பேரும் பேசிக்கொள்வதில்லை.

பதில்: மூன்று பேரும் சரியாகச் சொல்லியிருக்க வாய்ப்பு இருக்கிறது, ஒரே மனையில் மூன்றும் அடுத்தடுத்து முளைக்கும். இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் காலி மனைக்குப் போனாலும் இந்தக் கூட்டணிதான்.

ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக ரெண்டு இலை இருந்து, அதில் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்றால் பருப்புக்கீரை இல்லை. அந்தச் சின்ன வித்தியாசம் மூக்கிரட்டைக்கும் சாரணைக்கும் பொது. இங்கேதான் உங்களுக்கும் மாமியாருக்கும் சண்டை. இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். சாரணையில் காம்பின் அடி அகன்று ஒரு சின்னப் பை மாதிரி தண்டைப் பிடித்திருக்கும், பூ அந்தப் பைக்குள்தான் இருக்கும், வெளிர் ரோஜா நிறத்தில் ஒன்றே ஒன்று எட்டிப் பார்க்கும், வெயில் ஏறினால் அதுவும் மூடிக்கொள்ளும். இலை தடிமன், ஒடித்தால் தண்ணீர். மூக்கிரட்டையில் பை கிடையாது. பூ கொத்தாக, கடுகளவு, அடர்ந்த ரோஜா நிறத்தில் மெல்லிய நீளக் காம்புகளின் உச்சியில் இருக்கும். இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், வேர் விரல் தடிமன் வரை பருக்கும். எளிய பரிசோதனை ஒன்று: புடவைத் தலைப்பு அதன் மேல் உரசட்டும். காய் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தால் மூக்கிரட்டை. தரையில் படராமல் நிமிர்ந்தே நின்று, காய் ஒட்டாமல் நுனி வெட்டினது போலத் தட்டையாக இருந்தால் அது அதே பேரினத்து வேறு செடி, போயர்ஹாவியா எரக்டா, அதை விட்டுவிடுங்கள்.

எதிர்வீட்டு அக்காவின் பருப்புக்கீரைக்குப் பூ மஞ்சள். இலை அடி குறுகி நுனி உருண்டு இருக்கும், வாயில் போட்டால் புளிக்கும். ஆனால் வாயில் போடுவதற்கு முன்னால் ஒரு காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பாருங்கள். தரையோடு படரும் அம்மான் பச்சரிசி வகைகள் பருப்புக்கீரைக்குள் கலந்தே வளரும், அவசரத்தில் கை சேர்த்துப் பறித்துவிடும். பருப்புக்கீரையில் பால் வரவே வராது.

சாரணையை இளசாகப் பறித்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் பொரிக்க வேண்டும், ஆக்சலேட் அதிகம். வீட்டில் சிறுநீரகக் கல் இருப்பவருக்கு அந்தக் கூட்டு வேண்டாம். மாமியார் கோபித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் வாசகர்: வீட்டு வாசலில் மாசிபச்சை தானாக முளைத்திருக்கிறது. மாலைக்குக் கொடுக்கலாமா?

பதில்: வாசனை வருகிறதா? இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ரோமம் இருக்கிறதா? ரெண்டும் இல்லை என்றால் அது பார்த்தீனியம். உச்சியில் கிளை கிளையாகப் பிரிந்து வெள்ளையாகச் சின்னச் சின்ன, ஐந்து மூலையுள்ள பூ வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். கையுறை போட்டுப் பூக்கும் முன்னே வேரோடு பிடுங்குங்கள். வெறும் கையால் தொட்டுத் தொட்டு ஒருமுறை அரிப்பு பிடித்துக்கொண்டால் பிறகு அந்தத் தெருவில் நடந்தாலே தோல் தடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

வியாசர்பாடி வாசகி: தெருவில் கூடையில் வரும் அம்மாவிடம் பொன்னாங்கண்ணி வாங்குகிறேன். இந்த வாரம் தண்டு குண்டாக, உள்ளே ஓட்டையாக இருந்தது. வளமான கீரை என்கிறார். வாங்கலாமா?

பதில்: வளம்தான், ஆனால் எந்த வளம் என்று கேட்க வேண்டும். நம் பக்கத்துக் கால்வாய்களில் ஆகாயத்தாமரைக்குப் போட்டியாக ஒரு செடி மிதக்கிறது, அல்டர்னாந்தெரா ஃபிலோக்சிராய்டெஸ், தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பொன்னாங்கண்ணியின் பங்காளி. தண்ணீரில் மிதக்க வேண்டும் என்பதால் தண்டு உள்ளே வெறுமையாக இருக்கும். ஈரத்தில் வளர்ந்த நாட்டுப் பொன்னாங்கண்ணிக்கும் முற்றினால் கொஞ்சம் ஓட்டை விழும் என்பதால் தண்டை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது.

பூவைப் பாருங்கள். பொன்னாங்கண்ணியில் வெள்ளைப் பூ உருண்டை இலையும் தண்டும் சேருகிற கணுவிலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும், காம்பே இல்லை. கால்வாய்ச் செடியில் அதே மாதிரி வெள்ளை உருண்டை, ஆனால் இன்னும் பெரிதாக, ஓர் அங்குலத்துக்கு மேல் நீண்ட காம்பின் நுனியில் தனியாக நிற்கும். கூடைக்காரம்மாவிடம், “பூ வந்த கட்டு ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். பூ வந்தால் முற்றல் என்று ஒதுக்குவது நம் பழக்கம், இதில் மட்டும் பூதான் சாட்சி.

அந்தக் கால்வாய்ச் செடி விஷமா என்றால், சில நாடுகளில் சமைக்கிறார்கள். நம் ஊர்க் கதை வேறு. கேப்டன் காட்டன் கால்வாயிலும் பக்கிங்காம் கால்வாயிலும் என்னென்ன ஓடுகிறது என்று வியாசர்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகைச் செடிகள் தண்ணீரில் இருக்கிற ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்ளும், வேகவைத்தாலும் அவை போகாது. கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றிப் பறிக்கிற எந்தக் கீரைக்கும் இதே பதில்தான்.

கொளத்தூர் வாசகர்: வண்ணமீன் கடையில் வல்லாரைச் செடி வாங்கினேன். தொட்டியில் நன்றாக வளர்கிறது. துவையல் அரைக்கலாமா?

பதில்: இலைக்காம்பு எங்கே ஒட்டியிருக்கிறது? இலையின் நடு முதுகில், குடைக்குக் கம்பி நிற்கிற மாதிரி நின்றால் அது டாலர் செடி, ஹைட்ரோகோட்டைல், அழகுக்கு வைப்பது. வல்லாரையில் இலை ஒரு பக்கம் பிளந்திருக்கும், காம்பு அந்தப் பிளவில் வந்து சேரும். பிளவு இருந்தாலும் மீன் கடைச் செடியை அரைக்காதீர்கள், மீன் நோய்க்கு ஊற்றுகிற மருந்தெல்லாம் அதே தண்ணீரில்தான். ஒரு துண்டைக் கிள்ளிப் புது மண்ணில் நட்டு, புதிதாக ஓடிய கொடியிலிருந்து பறியுங்கள்.

எண்ணூர் வாசகி: ஆயா காலத்தில் கழிமுகத்து ஓரம் உமரிக்கீரை பறித்துச் சமைப்போம். இப்போது எனக்கு அடையாளம் தெரியவில்லை, மூன்று நான்கு செடி ஒரே மாதிரி உப்புக் கரிக்கிறது.

பதில்: உப்பு மண்ணில் நிற்கிற செடி எல்லாமே இலையையோ தண்டையோ தடிக்க வைத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும், அதனால் எல்லாம் உறவு மாதிரி தெரியும். உமரிக்கு இலை உண்டு, குச்சி குச்சியாக, பென்சில் முனை போலச் சின்னதாக, கோடையில் சிவக்கும். இலையே இல்லாமல் தண்டு மட்டும் கணுக்கணுவாகக் கோத்த மணி மாதிரி இருந்தால் அது சாலிகோர்னியா. இலை நீள்வட்டமாகத் தடித்து, கொடி தரையில் ஓடி கணுவுக்குக் கணு வேர்விட்டு, ரோஜா நிறத்தில் நட்சத்திரப் பூ பூத்தால் அது செசுவியம். அதைப் பார்த்துப் பருப்புக்கீரை என்று பறிப்பவர்கள் உண்டு, பூவின் நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடையாளம் இவ்வளவுதான் அம்மா, எளிது. ஆனால் ஆயா பறித்த மண் இன்று இல்லை. கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்து கிடக்கிறது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் வந்து அலையாத்தி வேர் வரை அப்பியது. செசுவியத்தைக் கெட்ட மண்ணிலிருந்து உலோகத்தை உறிஞ்சி எடுக்கவே நட்டுப் பரிசோதிக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உமரி ஆசை விடவில்லை என்றால் பழவேற்காடு பக்கம் உறவுக்காரர் யாராவது இருந்தால் அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள், அல்லது விதை வாங்கித் தொட்டியில் உப்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி வளர்க்கலாம், வளரும்.

தண்டையார்பேட்டை வாசகர்: மணத்தக்காளிக் கட்டில் பெரிய இலைகள் சில கலந்திருந்தன. எடுத்துப் போட்டுவிட்டோம். அது என்னவாக இருக்கும்?

பதில்: எடுத்துப் போட்டது நல்ல காரியம். மணத்தக்காளிக் கூட்டத்தில் இளஞ்செடியாக முளைக்கிற ஊமத்தைதான் என் சந்தேகம். பூத்துவிட்டால் குழந்தைக்கும் தெரியும், ஒன்று நீள ஊதுகுழல், மற்றது மஞ்சள் நடுவோடு குட்டி வெள்ளை நட்சத்திரக் கொத்து. பூக்காத வயதில்தான் ஆபத்து. ஊமத்தை இலையின் அடிப்பக்கத்தில், காம்பின் இருபுறமும் இலை ஒரே உயரத்தில் தொடங்காது, ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கசக்கினால் குமட்டுகிற நாற்றம்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் சிறிது நேரத்தில் வாய் வறளும், முகம் சிவக்கும், கண்பாப்பா விரியும், இதயம் படபடக்கும், ஆள் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிப்பார். எலுமிச்சம்பழம், உப்புத் தண்ணீர் என்று வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், மிச்சமிருக்கிற கீரையை ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அந்தப் பை பெரிய உதவி.

ராயபுரம் வாசகர்: செல்போன் ஆப் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் சொல்கிறது. உங்களுக்கே போட்டோ அனுப்பட்டுமா?

பதில்: அனுப்புங்கள். ஆப்பும் மோசமில்லை, நாம் மேலே இருந்து ஓர் இலையை மட்டும் படமெடுத்துக் கொடுத்தால் அதுவும் என்னதான் செய்யும்? முழுச்செடி, பூ கிட்டத்தில், காய், இலையின் அடிப்பக்கம், கணு, இவ்வளவும் வேண்டும். பக்கத்தில் ஒரு ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், அளவு தெரியும். எந்த இடத்தில் முளைத்தது, ஈரமா வறட்சியா, கிள்ளினால் பால் வந்ததா என்று ரெண்டு வரி எழுதுங்கள். செடியையே தபாலில் அனுப்புவதென்றால் செய்தித்தாள் நடுவில் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றிக் காயவைத்து அனுப்புங்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் எங்களுக்கு வந்து சேர்வது பச்சைக் கூழ். கூட்டு வைத்த பிறகு தட்டில் எடுத்த படத்தை அனுப்பி “இது எந்தக் கீரை?” என்று கேட்பவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது. அப்படியும் வருகிறது.